பதினொரு நாள் குறைந்த கல்யாணம்

செத்தவர்களைக் கண்டு ஃபினோலா டெம்ப்சிக்குப் பயம் கிடையாது. இருபது வருஷமாக அவர்களை நம்பித்தான் அவள் பிழைப்பே ஓடிக்கொண்டிருந்தது. அயர்லாந்தின் பெரிய வீடுகளுக்கு வம்சாவளி எழுதிக் கொடுப்பது அவள் தொழில். எந்தப் பிரபு யாருக்கு மகன், எந்த இளையவன் எந்தப் போரில் மடிந்தான், எந்தப் பெண் எந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டாள் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வாள். 1922-இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்து சாம்பலான பிறகு இந்த வேலை லேசுப்பட்டதல்ல. கல்லறைப் பாசியைச் சுரண்டிப் பெயர் படிக்க வேண்டும். பாதிரிமார் வீட்டுப் பரணில் எலி மிச்சம் வைத்த ஏடுகளைப் புரட்ட வேண்டும். நாற்பத்து நாலு வயதில், கல்யாணமும் இல்லாமல், அவள் அதை ருசித்துச் செய்துகொண்டிருந்தாள்.

1958 நவம்பரில் லீட்ரிம் பக்கத்து டிரம்கீல் மாளிகைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். அந்த வீட்டுக் கில்டேனன் பிரபு வசந்தத்தில் போய்ச் சேர்ந்திருந்தார். பட்டத்துக்கு மகன் இல்லை. இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் பக்கம் பன்றி வளர்த்துக்கொண்டிருந்த காட்ஃப்ரே வார்பர்ன் என்ற ஓய்வுபெற்ற கேப்டன்தான் மிச்சமிருந்த ஒரே பங்காளி. ஆனால் பங்காளி என்று சொன்னவுடன் பட்டத்தைத் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். அவனுடைய கிளைக்கு மூத்த கிளைகள் எல்லாமே பட்டுப்போய்விட்டன என்று ஆதாரத்தோடு மரம் வரைந்து லண்டனுக்கு அனுப்ப வேண்டும். அந்த மரத்தை வரையத்தான் ஃபினோலா வந்தாள்.

வீட்டில் இரண்டே பேர். பிரபுவின் விதவை ஹெர்மியோன் சீமாட்டிக்கு எழுபத்தெட்டு வயது. நிமிர்ந்த முதுகு, அளந்து பேசும் வாய். சமையலிலிருந்து சாவிக்கொத்து வரை பார்த்துக்கொண்ட அட்ராக்டா மல்விக்கு ஐம்பத்தைந்து இருக்கும். நாற்பது அறைகளில் ஐந்தில்தான் கணப்பு எரிந்தது. மற்றவை ஒழுகிக்கொண்டிருந்தன.

முதல் நாள் சாயங்காலம் நாலு மணி. மூவருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள் அட்ராக்டா. வெளியே மழை. மேற்குப் பக்கத் தாழ்வாரத்தின் கோடியிலிருந்து கதவு தட்டும் ஓசை கேட்டது. மூன்று தட்டு. பலமில்லாத கை, ஆனால் அவசரமான கை.

"யாரோ தட்டறாங்க" என்றாள் ஃபினோலா.

"காத்து" என்றாள் சீமாட்டி.

மறுபடி மூன்று தட்டு. சீமாட்டி வெண்ணெய் தடவிய ரொட்டியை எடுத்துக் கடித்தாள். அட்ராக்டாவின் கையிலிருந்த கெண்டி இம்மியும் அசையவில்லை. ஒரு சொட்டுச் சிந்தாமல் மூன்றாவது கோப்பையை நிரப்பினாள். காற்று எண்ணித் தட்டுமா என்று ஃபினோலாவுக்குக் கேட்கத் தோன்றியது. வந்த முதல் நாளே எதற்கு என்று வாயை மூடிக்கொண்டாள்.

"இந்த வீட்டுல மேற்குக் கதவைத் திறக்கறதில்ல, மிஸ் டெம்ப்சி" என்றாள் சீமாட்டி, சற்றுக் கழித்து. "நான் கல்யாணம் பண்ணி வந்த அன்னைக்கே என் மாமியார் சொன்ன முதல் விஷயம் அது. ரொட்டி எடுத்துக்கோங்க."

மறுநாளும் அதே நேரம், அதே தட்டல். அன்றைக்கு ஃபினோலா நூலகத்தில் தனியாக இருந்தாள். எழுந்து தாழ்வாரத்தின் கோடி வரை நடந்தாள். கதவில் மேலும் கீழும் இரண்டு இரும்புத் தாழ்ப்பாள். துரு ஏறி, அதன் மேலேயே பெயின்ட் அடித்து, கதவும் நிலையும் ஒன்றாகிக் கிடந்தன. கதவுக்கு வெளியே மண்டபம் மாதிரி கூரை உண்டு, மழை உள்ளே அடிக்க வழியில்லை. ஆனாலும் கதவின் அடியிலிருந்து தண்ணீர் மெல்லக் கசிந்து வந்துகொண்டிருந்தது. ஈரக் கம்பளியின் வாடை. காதை வைத்துக் கேட்டாள். தட்டல் நின்றிருந்தது. மரத்துக்கு அந்தப் பக்கம், அவள் காதுக்கு நேராக, யாரோ மூச்சு வாங்கினார்கள். அதற்கும் கீழே ஒரு கைக்குழந்தையின் முனகல், அழுது அழுது ஓய்ந்துபோன பிள்ளை முனகுவதுபோல.

தாழ்ப்பாளில் கை வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள். விருந்தாளியாக வந்த வீட்டில் வேண்டாமென்று சொன்ன கதவைத் திறப்பதாவது என்று தனக்குத் தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு திரும்பி நடந்தாள். பயத்தைவிட வெட்கம்தான் அவளை அதிகம் தின்றது.

மரம் என்னவோ சுலபமாகத்தான் வளர்ந்தது. வீட்டில் குடும்பப் பைபிள் இருந்தது, கடிதக் கட்டுகள் இருந்தன, தேவாலயச் சுவரில் பளிங்குப் பலகைகள் இருந்தன. மூன்றாம் பிரபுவுக்கு மூன்று மகன்கள். மூத்தவன் ஆப்ரி, 1847-இல் காய்ச்சலில் இறந்தான், மணமாகாதவன். நடுவிலவன் வழியில் வந்தவர்தான் வசந்தத்தில் இறந்த பிரபு. கடைக்குட்டியின் வழியில் வந்தவன் கேப்டன் காட்ஃப்ரே. அவ்வளவுதான்.

ஆனால் வரைந்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது அவளுக்கு ஒன்று உறைத்தது. ஆப்ரி செத்த பிறகு, நூற்றுப் பதினோரு வருஷமாக, அந்தப் பட்டம் ஒரு தரம்கூட அப்பனிடமிருந்து மகனுக்குப் போகவில்லை. தாத்தாவிடமிருந்து பேரனுக்கு ஒரு முறை தாவி, பிறகு அண்ணனிடமிருந்து தம்பிக்கு, பெரியப்பாவிடமிருந்து தம்பி மகனுக்கு, அவனிடமிருந்து ஒன்றுவிட்ட தம்பிக்கு என்று நண்டு மாதிரி பக்கவாட்டிலேயே நகர்ந்திருந்தது. எத்தனையோ வம்சங்களை அவள் வரைந்திருக்கிறாள். இப்படியொன்றைப் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால், ஆப்ரியின் பெயருக்குக் கீழே 'மணமாகாமல் இறந்தார்' என்று எழுதியிருந்த இடம் மட்டும் நனைந்து, மை பரவிக் கிடந்தது. கூரை ஒழுகுகிறது என்று மேசையை நகர்த்திப் போட்டு இன்னொன்று எழுதினாள். அதுவும் நனைந்தது, அதே இடத்தில். மூன்றாவதை எழுதித் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். காலையில் பெட்டிக்குள் மற்றதெல்லாம் சருகு மாதிரி உலர்ந்திருக்க, அந்த இரண்டு சொல் மட்டும் ஊறிப்போயிருந்தது. விரலை வைத்தாள். பனிக்கட்டி மாதிரி சில்லென்றிருந்தது.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேரே சமையலறைக்குப் போனாள். அட்ராக்டா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். தாளை ஒரு பார்வை பார்த்தாள்.

"எத்தனை தடவை எழுதினீங்க?"

"மூணு."

"நாலாவது எழுதினாலும் நனையும். பொய்யை எழுதினா அவ விடமாட்டா."

"எவ?"

அட்ராக்டா பிசைவதை நிறுத்தவில்லை. "நான் இந்த வீட்டு ரொட்டியைத் தின்னு வளந்தவ, மிஸ். என் வாயால வரக்கூடாது. நீங்க படிச்சவங்கதானே? கேனன் பெய்ர்ன் வீட்டுக்குப் போங்க. நாப்பத்தியேழாம் வருஷத்து ஏட்டைக் கேளுங்க. போன நூற்றாண்டு நாப்பத்தியேழு."

"கத்தோலிக்க ஏட்டுலயா? வார்பர்ன் குடும்பம் புராட்டஸ்டன்ட் ஆச்சே."

"அதான் இதுவரைக்கும் வந்த எவனும் அங்க தேடல" என்றாள் அட்ராக்டா.

கேனன் பெய்ர்ன் குண்டான கிழட்டுப் பாதிரியார். மூக்குப்பொடி அங்கியெல்லாம் சிந்தியிருந்தது. "பிரபுவைத் தேடிக்கிட்டு எங்க வீட்டுப் பரணுக்கு வந்த முதல் ஆள் நீங்கதான்மா. எங்க ஏட்டுல உருளைக்கிழங்கு தின்னவன் பேருதான் இருக்கும்" என்று சிரித்தார். பிறகு ஏணி போட்டு அவரே ஏறி, தோலட்டை போட்ட ஏட்டை இறக்கித் துடைத்துக் கொடுத்தார்.

அதில் எல்லாம் இருந்தது. லத்தீனில், கோணல் கையெழுத்தில். 1846 மார்ச் மூன்றாம் தேதி ஆப்ரி வார்பர்ன் கத்தோலிக்க மதத்தில் சேர்ந்திருக்கிறான். 1847 பிப்ரவரி இருபதாம் தேதி, சபீனா கீகன் என்ற குத்தகைக்காரன் மகளைக் கல்யாணம் செய்திருக்கிறான். இருபத்தைந்தாம் தேதி அவர்களுடைய மகனுக்கு ஞானஸ்நானம். மே மாதம் ஆப்ரி காய்ச்சலில் போயிருக்கிறான். உருளைக்கிழங்கு அழுகி ஊரே செத்துக்கொண்டிருந்த வருஷம் அது. நவம்பர் மாதத்து ஓரத்தில் அன்றைய பாதிரி சின்ன எழுத்தில் குறித்திருந்தார்: 'ஆப்ரியின் மனைவி சபீனா, டிரம்கீல் மாளிகையின் மேற்கு வாசலில் இறந்து கிடந்தாள். மழை. கதவு திறக்கப்படவில்லை.'

ஃபினோலா அந்த வரியை இரண்டு முறை படித்தாள். பிறகு, தொழில் புத்தி விடவில்லை, தேதிகளைக் கூட்டிப் பார்த்தாள். ஒரு புராட்டஸ்டன்ட் மதம் மாறிப் பன்னிரண்டு மாதம் முடியாமல், கத்தோலிக்கப் பாதிரி கையால் கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டினால் அந்தக் கல்யாணம் செல்லாது. அந்தக் காலத்துச் சட்டம் அது. மார்ச் மூன்று வரை பொறுத்திருக்க வேண்டும்.

"பதினொரு நாள்" என்றாள் வாய்விட்டு. "பதினொரு நாள் குறையுது, ஃபாதர்."

கேனன் எட்டிப் பார்த்தார். ஞானஸ்நானத் தேதியில் விரலை வைத்தார். "பிள்ளை பொறுக்கலையேம்மா" என்றார் மெதுவாக. "அது சட்டம் படிச்சிட்டா வரும்?"

வெள்ளிக்கிழமை கேப்டன் காட்ஃப்ரே வந்து சேர்ந்தான். ஐம்பது வயது, செம்பட்டை மீசை, முழங்கையில் ஒட்டுப்போட்ட கோட்டு. தேநீர் மேசையில் மரத்தை விரித்ததும் மலைத்துப்போனான். "என்கிட்ட ஒரு பெண்பன்றி இருக்கு, மிஸ் டெம்ப்சி. அதோட அஞ்சு தலைமுறையும் எனக்கு மனப்பாடம். என் கொள்ளுத்தாத்தா பேரு இப்பதான் தெரியுது."

சீமாட்டி சிரிக்கவில்லை. ஃபினோலா ஏட்டில் கண்டதை ஒன்றுவிடாமல் சொன்னாள். சட்டத்தையும் சொன்னாள், பதினொரு நாளையும் சொன்னாள்.

"அப்படின்னா அவ மனைவியே இல்ல" என்றாள் சீமாட்டி. "காட்ஃப்ரேயோட உரிமைக்கு எந்தப் பங்கமும் இல்ல. எழுத வேண்டிய அவசியமும் இல்ல. முடிஞ்சுது."

"சட்டப்படி அப்படித்தான்" என்றாள் ஃபினோலா.

காட்ஃப்ரே கோப்பையைக் கீழே வைத்தான். "அந்தப் பையன்? அவன் என்ன ஆனான்?"

கேக் தட்டை வைத்துவிட்டு வாசல்வரை போயிருந்த அட்ராக்டா அங்கேயே நின்றாள்.

"பொழைச்சான், கேப்டன் ஐயா" என்றாள். "விடியக்காலம் அடுப்படிக் கதவு வழியா ஓடிப் போயி, செத்தவ கைக்குள்ளேருந்து அவனைப் பிடுங்கி எடுத்துட்டு வந்தா ஒருத்தி. இந்த வீட்டுச் சமையக்காரி, மல்விங்கறவ. தன் பிள்ளைன்னு சொல்லி வளத்தா. அவன்தான் எங்க தாத்தா."

சீமாட்டியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "நாப்பது வருஷமா என்கூட இருக்கே, அட்ராக்டா."

"ஆமாம்மா. எனக்கு முன்னாடி எங்க அத்தை இருந்தாங்க. அதுக்கு முன்னாடி தாத்தாவோட தங்கச்சி முறை ஒருத்தி. அவ வந்து தட்டறப்ப உள்ள அவளோட ஆளுன்னு ஒருத்தராவது இருக்கணும்னுதான்."

"அப்புறம் ஏன் நீங்களே திறக்கல?" என்று கேட்டான் காட்ஃப்ரே.

"சாத்தினது நாங்க இல்லையே."

காட்ஃப்ரே மீசையைத் தடவினான். "இப்ப உங்க குடும்பத்துல ஆம்பளை யாரு?"

"என் தம்பி பேக்கி. பால் லாரி ஓட்டறான். அவனைப் பிரபுன்னு கூப்பிட்டா ஊர் மாடெல்லாம் சிரிக்கும். அவனுக்கு ஒரு பட்டமும் வேணாம். அவ பேரை மட்டும் அந்தத் தாள்ல போடுங்க. போட வேண்டிய இடத்துல போடுங்க."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, மேற்குப் பக்கம் தட்டல் கேட்டது. மூன்று.

காட்ஃப்ரே எழுந்தான்.

"உட்காரு" என்றாள் சீமாட்டி. குரல் கிறீச்சிட்டது. "உட்காருன்னு சொல்றேன்!"

"மன்னிச்சுக்கோங்க, பெரியம்மா. மழையில பன்னி நின்னாலே எனக்குப் பொறுக்காது."

கணப்பண்டை கிடந்த இரும்புக் கோலை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தான். ஃபினோலா விளக்கோடு பின்னால் போனாள். மேல் தாழ்ப்பாள் நாலு அடிக்கு அசைந்தது. கீழ்த் தாழ்ப்பாள் உடைந்தே போயிற்று. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் அந்தப் பக்கம் நிசப்தம், யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதுபோல. கதவு பெயின்ட்டைக் கிழித்துக்கொண்டு திறந்தது.

யாருமில்லை. மண்டபம், அதற்கப்பால் மழை, அதற்கப்பால் கறுத்துப்போன புல்வெளி.

காட்ஃப்ரே என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கணம் நின்றான். பிறகு, சர்ச்சுக்குள் போகிறவன் மாதிரி தலைமுடியைக் கோதிச் சரிசெய்துகொண்டு, கதவை அகலத் தள்ளிப் பிடித்து ஒதுங்கினான். "உள்ள வாங்க, சபீனா அம்மா" என்றான். "ரொம்ப நேரம் நிக்க வச்சுட்டோம். பிள்ளையைத் தூக்கிக்கிட்டு உள்ள வாங்க."

ஃபினோலா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். எதையும் பார்த்தேன் என்று அவள் பிற்பாடு யாரிடமும் சொன்னதில்லை. ஈரக் கம்பளியின் வாடை அவளைக் கடந்து போனது, அவ்வளவுதான். விளக்குச் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. தரையில், மரப்பலகை மேல், செருப்பில்லாத சின்னப் பாதங்களின் ஈரம் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே போனது. கூடத்து வாசலைத் தாண்டி, கணப்பின் எதிரில், சீமாட்டியின் நாற்காலிக்கு அருகே வந்து நின்றது. அங்கே ஒரு சிறு குளம் மாதிரி தண்ணீர் தேங்கியது. சீமாட்டி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பாவாடை விளிம்பு ஒரு முழம் நனைந்திருந்தது.

அட்ராக்டா முழங்காலிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு எழுந்து, கணப்பில் எரிப்பதற்கான காய்ந்த சதுப்புமண் கட்டிகள் இன்னும் நாலை அடுக்கினாள்.

மறுநாள் நாலு மணிக்குத் தட்டல் கேட்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அதனால் வீடு நிம்மதியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. வெளியே நின்றவள் உள்ளே வந்திருந்தாள், அவ்வளவுதான். கூடத்தில் யாரும் இல்லாதபோதும் யாரோ குளிர்காய்வது தெரிந்தது. பூனை அந்த நாற்காலிப் பக்கம் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபினோலா மரத்தைப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தாள். ஆப்ரி. மனைவி சபீனா, கீகன் குடும்பம். மகன். அந்த மகனுக்குக் கீழே மல்விகள், பேக்கி வரைக்கும். அப்போது நூலகக் கதவைத் திறந்துகொண்டு சீமாட்டி வந்தாள். தடியூன்றி மேசையருகே வந்து நின்றாள்.

"என் புருஷன் பேருக்குக் கீழ என்ன எழுதியிருக்கீங்க?"

"'சந்ததியின்றி இறந்தார்'னு."

"மூணு பேர் பொறந்தாங்க" என்றாள் சீமாட்டி.

ஃபினோலா நிமிர்ந்து பார்த்தாள். பைபிளில் இல்லை, ஏட்டில் இல்லை, பளிங்கில் இல்லை.

"ஞானஸ்நானம் கொடுக்கறதுக்குள்ள போயிட்டாங்க. மூணு பேரையும் ஆப்பிள் மரத்தடியில வச்சாச்சு. என் வீட்டுக்காரர் எழுத வேணாம்னுட்டார். எழுதினா ஊர் பேசும்னாரு." அவள் நாற்காலியைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தாள். "ஒவ்வொருத்தன் பொறந்தப்பவும் எனக்குக் கதவு தட்டறது கேட்டுது. என் பிள்ளையை எடுத்துட்டுப் போகத்தான் அவ வர்றான்னு நெனச்சேன். அம்பது வருஷம் அவளை வெறுத்தேன், மிஸ் டெம்ப்சி. ராத்திரி ஜெபத்துலகூட வெறுத்தேன். அன்னைக்கு அவ என் பக்கத்துல வந்து நின்னா பாருங்க... நடுங்கிக்கிட்டிருந்தா. எடுக்க வந்தவ மாதிரி இல்ல. அவளும் ஒண்ணைக் கையில வச்சுக்கிட்டுதானே நின்னா."

ஃபினோலா பேனாவை எடுத்தாள். "பேர் சொல்லுங்க."

"ரோலண்ட். மூணு நாள் இருந்தான். ஹ்யூபர்ட், ஒரு ராத்திரி." சீமாட்டி நிறுத்தினாள். "மூணாவது ஒரு மணி நேரம்தான். அவனுக்குப் பேர் வைக்கல."

"சரி. பேரில்லாமலே—"

"லியோனெல்" என்றாள் சீமாட்டி. "மனசுக்குள்ள அப்படித்தான் கூப்பிட்டுக்கிட்டிருந்தேன். வெளிய சொல்றது இதுதான் முதல் தடவை." சொல்லிவிட்டுத் தன் வாயையே தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

லண்டனிலிருந்து ஆட்சேபக் கடிதம் வந்தது. பதினொரு நாள் குறைகிறது, எனவே 'மனைவி' என்ற சொல்லை நீக்க வேண்டும் என்று. அந்தச் சொல் இருந்தால்தான் பட்டத்தை ஏற்பேன், இல்லாவிட்டால் பன்றிகளே எனக்குப் போதும் என்று காட்ஃப்ரே பதில் எழுதினான். ஒரு வருஷம் இழுத்தடித்த பிறகு, 'கத்தோலிக்க முறைப்படி மனைவி' என்று போட்டு அச்சடித்தார்கள். அவனுக்கு இரண்டும் பெண்கள். அவனோடு அந்தப் பட்டம் முடிந்தது. அச்சான பக்கத்தைக் கேனன் பெய்ர்ன் காட்டியபோது பேக்கி மல்வி லாரியிலிருந்து இறங்காமலே எட்டிப் பார்த்து, "என் பேரைத் தப்பா எழுதியிருக்கானுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான். கொஞ்ச தூரம் போய், வண்டியை நிறுத்தி, திரும்பி வந்து அந்தப் பக்கத்தை வாங்கிக்கொண்டான்.

சீமாட்டி இன்னும் மூன்று குளிர்காலம் இருந்தாள். கூடத்தில் தன் நாற்காலிக்கு எதிரில் இன்னொன்றைப் போடச் சொல்லி, சாயங்காலங்களில் அதன் பக்கம் திரும்பிச் சின்னக் குரலில் பேசிக்கொண்டிருப்பாளாம். என்ன பேசுவாள் என்று அட்ராக்டாவிடம் ஃபினோலா ஒரு தரம் கேட்டாள்.

"பிள்ளைங்களைப் பத்தித்தான்" என்றாள் அட்ராக்டா. "ரெண்டு பொம்பளைங்க வேற என்ன பேசுவாங்க?"